பூனைக்குத் தம்பி மீன்

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

நீல நிறப் பூனை ஒன்று. அதற்குத் தம்பி, கால் முளைத்த தங்கமீன். இருவருக்கும் இளையவள், இளஞ்சிவப்பு நிற முயல். மூவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர்; ஒரே மேசையில் சாப்பிடுகின்றனர்; ஒரே பள்ளிக்குச் செல்கின்றனர். ‘தி அமேசிங் வேர்ல்ட் ஆஃப் கம்பால்’ என்ற நகைச்சுவை அசைவூட்டத் தொடரின் குடும்பம் இதுதான்.

இத்தொடர் 2011ஆம் ஆண்டு மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசையில் தொடங்கியது. 2019ஆம் ஆண்டு வரை ஆறு பருவங்களாக ஒளியேறியது. மொத்தம் 240 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். உலகின் பல நாடுகளில் சிறுவர்கள் இதைப் பார்த்துச் சிரித்தனர். நெகிரி செம்பிலானின் தோட்டப்புறப் பின்னணியிலிருந்து வரும் ஒரு மாணவர் இத்தொடரைப் பார்த்தால், சிரிப்போடு வேறொன்றையும் அதில் காண முடியும். அது என்ன என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

ஒரு வீடு, பல உருவங்கள்

மூத்தவன் கம்பாலுக்கு வயது 12. அவனுடைய துடுக்குத்தனமே பெரும்பாலான சிக்கல்களுக்குத் தொடக்கம். டார்வினுக்கு வயது 10. அவன் முதலில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்பட்ட மீன். பின்னர் அவனுக்குக் கால்கள் முளைக்கின்றன. வளர்ப்புப் பிராணியாக இருந்தவனைக் குடும்பம் மகனாக ஏற்றுக்கொள்கிறது. நீரில் வாழ்ந்த உயிர் நிலத்தில் நடக்கத் தொடங்கியதற்கு ஏற்ப, பரிணாமக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினை நினைவூட்டும் பெயர் அவனுக்கு இருக்கிறது. கடைசித் தங்கை அனைஸுக்கு நான்கே வயது. ஆனால், வீட்டிலேயே மிகுந்த அறிவாளி அவள்தான். அண்ணன்மார் படிக்கும் அதே பள்ளியில் அவளும் படிக்கிறாள்.

தாய் நிக்கோல் ஒரு பூனை. வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்குபவர் அவர். தந்தை ரிச்சர்ட் ஒரு முயல். வீட்டில் இருக்கும் அவருக்குச் சாப்பாட்டின் மீதும் சாய்வு நாற்காலியின் மீதும் தீராத பற்று. இவர்கள் வாழும் எல்மோர் என்ற ஊரும் இவர்களைப் போன்றதே. கம்பாலின் வகுப்பில் வாழைப்பழம் படிக்கிறது, பலூன் படிக்கிறது, உருளைக்கிழங்கும் டைனோசரும் படிக்கின்றன. ஆசிரியை ஒரு குரங்கைப் போன்ற தோற்றமுடையவர். யாரும் யாரையும் பார்த்து, “நீ ஏன் இப்படி இருக்கிறாய்?” என்று வியப்பதில்லை.

ஒதுக்கப்பட்டவர்கள் கூடிய இடம்

இத்தொடரை உருவாக்கியவர் பென் பொக்கெலே. தொலைக்காட்சிக்கு வருவதற்கு முன் இவர் விளம்பரங்களுக்காகப் பல கதைமாந்தர்களை வரைந்து கொடுத்திருந்தார். அவற்றுள் பல, விளம்பரத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்டன. பின்னர் இலண்டனில் உள்ள கார்ட்டூன் நெட்வொர்க் அரங்கில் புதிய தொடருக்கான கருத்தைக் கேட்டபோது, ஒதுக்கப்பட்ட அந்த உருவங்களை எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே தொடராக வளர்ந்தது.

இதனால்தான் எல்மோர் ஊரில் ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை. சிலர் தட்டையான கோட்டோவியமாக இருப்பர். சிலர் கணினியில் செய்த முப்பரிமாண உருவமாக இருப்பர். சிலர் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்த உருவமாக இருப்பர். அவர்களுக்குப் பின்னால் தெரியும் வீடுகளும் தெருக்களும் உண்மையான நிழற்படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொதுவாக ஒரு தொடரில் எல்லா உருவங்களும் ஒரே பாணியில் வரையப்படும். இங்கோ, பாணிகளின் வேறுபாடே ஊரின் இயல்பாகிவிட்டது.

இத்தகைய தொடருக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். 11 நிமிடத்துக்கு 15,840 படங்கள். ஓவியர்கள் பல வேளைகளில் ஓர் ஓவியத்தை இரண்டு படங்களுக்குப் பயன்படுத்துவர். அப்படிச் செய்தாலும், ஒரே ஓர் உருவம் அத்தியாயம் முழுவதும் அசைய 7,920 ஓவியங்கள் தேவைப்படும். திரையில் ஐந்து பேர் ஒன்றாக நின்றால், வேலையும் அதற்கேற்பப் பெருகும்.

சிரிப்பு எங்கே பிறக்கிறது?

பொருந்தாத உடன்பிறப்புகளைக் கொண்ட விலங்குத் தொடர்கள் வேறும் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடங்கிய ‘கேட்டாக்’ தொடரில் பூனையும் நாயும் ஒட்டிப் பிறந்த சகோதரர்கள். ஒரே உடலின் ஒரு முனையில் பூனையின் தலை. மறுமுனையில் நாயின் தலை. பூனைக்கு ஒழுங்கும் அமைதியும் வேண்டும். நாய்க்குக் குப்பை வண்டியைத் துரத்த வேண்டும். நாய் ஓடினால் பூனையும் இழுபட்டுத்தான் ஆக வேண்டும். 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘வீ பேர் பேர்ஸ்’ தொடரில் பழுப்புக் கரடி, பாண்டா, பனிக்கரடி ஆகிய மூன்றும் சகோதரர்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நின்று நகரத் தெருக்களில் செல்லும் இவர்கள், குட்டிகளாக இருந்தபோது தங்களை ஏற்றுக்கொள்ள ஒரு வீட்டைத் தேடி அலைந்ததைச் சில அத்தியாயங்கள் காட்டுகின்றன. இத்தொடரை உருவாக்கியவர் டேனியல் சோங்.

இம்மூன்று தொடர்களிலும் நகைச்சுவை ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. விருப்பமும் குணமும் வேறுபட்டவர்கள், பிரிந்து போக முடியாத நிலையில் இருக்கிறார்கள். நண்பனோடு சண்டை வந்தால் நட்பை முறித்துக்கொள்ளலாம். அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உடன்பிறந்தவரோடு சண்டை வந்தால், மாலையில் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அதே குழம்பைத்தான் பங்கிட வேண்டும். அந்தக் கட்டாயம்தான் சிரிப்பை உண்டாக்குகிறது. சமரசத்தையும் அதுவே உண்டாக்குகிறது.

இது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. யானை முகம் கொண்ட அண்ணன். மயில் மீதேறும் தம்பி. மாம்பழத்துக்காக நடந்த போட்டியில் தம்பி உலகைச் சுற்றப் புறப்பட, அண்ணன் பெற்றோரைச் சுற்றி வந்து பழத்தைப் பெற்றார். கோவித்துக்கொண்ட தம்பி மலையேறினார். பிள்ளையார், முருகன் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குப் பொருந்தாத உடன்பிறப்புகளின் நகைச்சுவை முன்பே அறிமுகமாகிவிடுகிறது. கம்பராமாயணத்தில் இராமன் வேடர் தலைவன் குகனையும், வானர வேந்தன் சுக்கிரீவனையும், அரக்கர் குலத்து வீடணனையும் உடன்பிறந்தோராக ஏற்றுக்கொள்கிறான். நால்வராகப் பிறந்தவர்கள் எழுவராகின்றனர். அவர்களுள் ஒருவர் வானரர்!

நம் நாட்டின் அசைவூட்டம்

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமும் விலங்குக் கதைதான். ஃபிலெம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கிய ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’, 1983ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் ஒளியேறியது. மலாய் நாட்டார் கதைகளில் வரும் சருகுமானே அதன் நாயகன். உருவத்தில் சிறியது, அறிவில் பெரியது. பெரிய விலங்குகளின் பிடியிலிருந்து சமயோசிதத்தால் தப்பிப்பது அதன் வழக்கம்.

2007ஆம் ஆண்டு தொடங்கிய ‘உப்பின் & இப்பின்’ தொடர் மலேசிய அசைவூட்டத்தை அண்டை நாடுகளுக்கும் கொண்டு சென்றது. இரட்டையரான அவ்விருவருள் உப்பின் ஐந்து நிமிடம் மூத்தவன். பெற்றோரை இழந்த அவர்களை அக்காள் ரோசும் பாட்டியும் வளர்க்கின்றனர். அவர்களின் கம்பத்தில் உணவுக்கடை நடத்தும் முத்து, ‘அங்கிள் முத்து’ என்று அழைக்கப்படுகிறார். விலங்குகளோடு பேசும் ஆற்றல் கொண்ட ராஜூ என்ற தமிழ்ச் சிறுவனும் இத்தொடரில் வருகிறான். சாப்பி என்ற மாடு அவனுடைய இணைபிரியாத் தோழன்.

இவற்றை எல்லாம் பார்த்த தோட்டப்புறக் குடும்பங்களின் அனுபவமும் காலத்துக்கேற்ப மாறியது. முன்பு தோட்டத்துத் திடலில் இரு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவர். குழந்தைகள் பாயும் சாக்கும் விரித்து முன்வரிசையில் இடம் பிடிப்பர். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. அதன் பின்னரும் பல காலம் லயத்தில் ஓரிரு வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அந்த வீட்டின் முன்கூடம் லயத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் பொது இடமாயிற்று. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை இருக்கிறது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் மூன்று தொடர்களைப் பார்க்கின்றனர்.

தோட்டம் வளர்த்த உறவு

நெகிரி செம்பிலான் என்ற பெயருக்கு ஒன்பது நாடுகள் என்பது பொருள். தனித்தனித் தலைவர்களைக் கொண்டிருந்த சிற்றூர்ப் பகுதிகள் ஒன்றிணைந்ததன் அடையாளம் அப்பெயர். அம்மாநிலத்தின் லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த கதவுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் இரத்த உறவினர் அல்லர். ஊர் வேறு, சாதி வேறு, பேச்சு வழக்கும் வேறு.

அவர்களை உறவாக்கியது அன்றாட வேலைதான். விடியும் முன்பே பெரட்டு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பால் வெட்டச் செல்ல வேண்டும். இருள் விலகாத அவ்வேளையில் தாய்மார்கள் தூங்கும் குழந்தைகளைத் துணியில் சுற்றித் தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். அங்கே வரிசையாகத் தொங்கும் தூளிகளில் வெவ்வேறு வீட்டுக் குழந்தைகள் உறங்கினர். ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தனர். ஓர் ஆயாவின் அதட்டலுக்கு எல்லாரும் அடங்கினர். வளர்ந்த பிறகு அவர்கள் ஒருவரையொருவர் அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என்றே அழைத்தனர். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அடுத்த வீட்டு அடுப்பில் சோறு வெந்தது.

டார்வின் என்ற மீன் எப்படித் தம்பியானான் என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பிறப்பால் அமையாத உறவு, சேர்ந்து வளர்ந்ததால் அமைந்தது.

காலப்போக்கில் பல தோட்டங்களில் இரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நீலாய், லாபு போன்ற இடங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. வசதிகள் பெருகின, பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் அருகில் கிடைத்தன. அதே வேளையில், சேர்ந்து வளர்வதற்கென்று இருந்த பொது இடங்கள் குறைந்தன. முன்பு ஆயாக் கொட்டகையும் லயத்து வாசலும் உறவைத் தாமாகவே வளர்த்தன. இன்று அண்டை வீட்டுப் பிள்ளையைத் தம்பி என்று அழைக்க வேண்டுமானால், ஒருவர் முதலில் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.

தமிழில் சொல்லிப் பார்த்தால்

கம்பாலும் டார்வினும் ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே அழைக்கின்றனர். ‘பிரதர்’ என்ற ஆங்கிலச் சொல் மூத்தவனையும் குறிக்கும், இளையவனையும் குறிக்கும். தமிழில் அத்தகைய பொதுச்சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. சகோதரன் என்பது எழுத்து வழக்கு. வீட்டில் அண்ணன் அல்லது தம்பி என்றே சொல்ல வேண்டும். மலாய்மொழியிலும் ‘அபாங்’, ‘காக்காக்’, ‘அடிக்’ என மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டும் சொற்கள் உண்டு. ஆகவே, ஐந்து நிமிட வேறுபாடும் உப்பினை மூத்தவன் ஆக்கிவிடுகிறது.

இத்தொடரின் ஒரு காட்சியைத் தோட்டப்புறப் பிள்ளைகள் தங்கள் பேச்சுத் தமிழில் நடித்துக் காட்டுவதாகக் கொள்வோம். உடைந்த பூச்சாடியை மறைக்க அண்ணனும் தம்பியும் முயல்கின்றனர். உரையாடல் இவ்வாறு அமையலாம்.

“டேய் தம்பி, அம்மா வேலை முடிஞ்சி வர்றதுக்குள்ள இத ஒட்டிருவோம்டா.”

“ஒட்டுனா தெரியாதா, அண்ணே?”

“தெரியாதுடா. நீ பேசாம பசைய எடு.”

“ரெண்டு பேரும் மறுபடியும் என்னா செஞ்சி வச்சிருக்கீங்க, அண்ணே? அம்மா வாசல்லதான் நிக்கிறாங்க!”

கடைசி வரியைச் சொல்பவள் நான்கு வயதுத் தங்கை. அறிவில் இருவரையும் மிஞ்சியவள். எனினும் திட்டும்போதும் ‘அண்ணே’ என்றுதான் திட்ட வேண்டும். மூலத் தொடரில் இல்லாத ஒரு நகைச்சுவை தமிழில் தானாகவே வந்து சேர்கிறது. டார்வினின் வாயிலிருந்து வரும் ‘அண்ணே’ என்ற சொல்லுக்கும் தனிப் பொருள் உண்டு. அந்த ஒரு சொல்லால் அவன் தொட்டி மீன் என்ற நிலை மறைந்து, வீட்டுப் பிள்ளை என்ற நிலை உறுதியாகிறது. ஒரு கதையைத் தாய்மொழியில் மீண்டும் சொல்லும்போது, சொல்பவர் உறவுகளைப் பற்றி முடிவெடுக்க வேண்டியுள்ளது. மொழியாக்கம் என்பது இத்தகைய முடிவுகளால் ஆன பணி.

கேலிக்கும் எல்லை உண்டு

நகைச்சுவைத் தொடர்களில் காணும் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற இயலாது. திரையில் உயரத்திலிருந்து விழுந்தவன் அடுத்த நொடியில் எழுந்து ஓடுவான். வகுப்பே கூடிச் சிரித்த பிறகும் மறுநாள் மலர்ந்த முகத்தோடு வருவான். வரைந்த உருவத்துக்கு வலி இல்லை. நிறம், எடை, பேச்சுத் திக்கல், பெற்றோரின் வேலை ஆகியவற்றைச் சுட்டி வகுப்பில் ஒருவருக்கு வைக்கப்படும் பட்டப்பெயர், பல ஆண்டுகள் மனத்தில் தங்கிவிடும். ‘தோட்டத்தான்’ என்ற சொல் இழிவாக வீசப்பட்டபோது, அதைக் கேட்ட பிள்ளைகளுள் சிலர் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லவே தயங்கினர்.

உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் கேலி செய்யாத வீடு இல்லை. அந்தக் கேலியைத் தாங்கும் வலிமை எங்கிருந்து வருகிறது? கேலி செய்த அதே அண்ணன், வெளியில் யாரேனும் தம்பியை அதட்டினால் முன்னே வந்து நிற்பான் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. கம்பாலும் டார்வினும் ஓயாமல் சிக்கலில் மாட்டுகின்றனர். ஆனால், அத்தியாயத்தின் முடிவில் பெரும்பாலும் ஒருவர் பக்கத்தில் மற்றவர் இருக்கிறார். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் சொல்லப்படும் கேலி, கேலியாக இருப்பதில்லை, காயமாகிவிடுகிறது. தொடரைப் பார்க்கும்போது, “இங்கே எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்களா, அல்லது ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்களா?” என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சியாகும்.

பூனையும் மீனும் முயலும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது கற்பனை. பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே லயத்தில் உறவாகி வாழ்ந்தது வரலாறு. அந்த வரலாற்றை நேரில் அறிந்த தாத்தாக்களும் பாட்டிகளும் இன்றும் சிரம்பானிலும் பகாவிலும் போர்ட்டிக்சனிலும் பல இல்லங்களில் இருக்கின்றனர். அவர்கள் ‘தம்பி’ என்று அழைக்கும் ஒருவர் உண்மையில் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், ஒரு கதை நிச்சயம் கிடைக்கும்.

சிந்தித்து விடை எழுதுக

1. டார்வின் குடும்பத்தில் இணைந்ததற்கும் ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகளின் உறவுக்கும் உள்ள ஒற்றுமையை விளக்கி எழுதுக.

2. பொருந்தாத உடன்பிறப்புகளைக் கொண்ட தொடர்களில் நகைச்சுவை எவ்வாறு பிறக்கிறது?

3. ‘பிரதர்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது எழும் சிக்கல் யாது? வேறோர் உறவுச்சொல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.

4. கேலி எப்போது காயமாகிறது? பனுவலில் உள்ள கருத்தோடு உமது கருத்தையும் இணைத்து எழுதுக.

5. இரத்த உறவு இல்லாத ஒருவரை உமது குடும்பத்தார் உறவுமுறை சொல்லி அழைப்பதுண்டா? அவ்வுறவு தோன்றிய விதத்தை மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து, 100 சொற்களில் எழுதி வகுப்பில் படைத்திடுக.